பலாலியில் ஓர் இடப்பக்க யன்னல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை நீங்கள் என் மனைவியின் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்பது எனக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

கொக்குவிலில் இருந்து பலாலி விமான நிலையத்துக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம். எனது விமானம் பிற்பகலில். நான் வீட்டிலிருந்து புறப்பட்டது... காலை ஆறு மணிக்கு.

முழுக் குற்றமும் என்னுடையது அல்ல. முப்பது வருடப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தவனுக்கு விமானம் என்றால் கொழும்புக்கும் அங்காலே கட்டுநாயக்கா. கட்டுநாயக்கா என்றால் முதல் நாளே வான் பிடிக்க வேண்டும். போகிறவர் ஒருவர், வழியனுப்புகிறவர் ஒன்பது பேர். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்க வேண்டும். வழியில் ஒரு மரத்தடியில் வானை நிறுத்திப் புட்டுப் பார்சலைப் பிரிக்க வேண்டும். சத்தி எடுக்கிற பிள்ளைக்குப் பை பிடிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து விமானத்தில் ஏறும்போது பயணி பாதி செத்திருப்பார். மீதியை விமானம் பார்த்துக்கொள்ளும்.

இது உடம்பில் ஊறிய ஒழுங்கு. சென்ற மாதம் பலாலியிலிருந்தே சென்னைக்குப் போக ரிக்கெற் கையில் கிடைத்தபோதும் உடம்பு கேட்கவில்லை. ஐந்தரைக்கே சேர்ட் போட்டுக்கொண்டு நின்றேன். முறிகண்டி வழியில் வராது என்பதால் வீட்டுப் படலையிலேயே தேங்காயை உடைத்தேன். புட்டுப் பார்சல் இரண்டு, தண்ணீர்ப் போத்தல் மூன்று. வெளிநாட்டுக்கு ஓட்டோவில் புறப்பட்ட எங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், சந்தைக்கோ என்று கேட்டார்.

விமான நிலையத்து வாசலில் காவலுக்கு நின்றவர் ரிக்கெற்றைப் பார்த்தார். கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்றிலும் என்னைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

“ஐயா, பிளேனே இன்னும் இந்தியாவிலைதான் நிக்குது.”

ஓட்டோக்கார ரஞ்சன் பெரிய மனதுக்காரர். வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு குட்டித் தூக்கம் போட்டு, மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டவன் திரும்பிப் போவதா? முடியாது என்றேன். கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமர நிழலில் ஓட்டோவை நிறுத்திக்கொண்டு மூவரும் இருந்தோம்.

மூன்றாவது ஆள் மச்சாள். என் மனைவியின் மூத்த அக்கா. எழுபது வயது. அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. சென்னையில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் முடிந்து பத்து நாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார். துணைக்கு நான். என்னைத் துணைக்கு அனுப்பியது என் மனைவி. அக்கா மேல் அவளுக்கு ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும்.

பேரப்பிள்ளை ஒரு காரணம். மச்சாளின் மடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்வதற்கு அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யோகண்ணை. என் சகலன். மயிலிட்டிக்காரர், ஒரு காலத்தில் சொந்தமாக இயந்திரப் படகு வைத்துத் தொழில் செய்தவர். நாளுக்குப் பத்துச் சொல் பேசுவார். அதில் நாலு ‘ஓம்’. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது அவரும் ஓடினார். முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று சுற்றி இப்போது கொழும்புத்துறையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டிலும் சாய்மனைக் கதிரையும்தான்.

பல வருடம் கழித்து மயிலிட்டித் துறைமுகம் படையினரிடமிருந்து விடுபட்டது. கரையோரத்தில் பலருக்குக் காணி திரும்பக் கிடைத்தது. யோகண்ணையின் காணி கொஞ்சம் தெற்கே, ஓடுபாதைப் பக்கமாக, படையினரின் வேலிக்கு உள்ளே. அது இன்னும் விடுபடவில்லை. கடிதம் எழுதினார், கூட்டங்களுக்குப் போனார், பதிவு செய்தார், மறுபடி பதிவு செய்தார். பிறகு காத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் கனடாவில் இருக்கும் அவருடைய மூத்த மகன் பேப்பர்களை அனுப்பினான். தாயும் தகப்பனும் அங்கே வந்துவிட வேண்டும். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்துத்தான் பாக்கி. யோகண்ணை ஒரு நிபந்தனை போட்டார்.

“கிணறு கிடந்தா நான் இஞ்சை. மூடியிருந்தா வாறன்.”

வீட்டைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. வீடு இருக்காது என்று அவருக்குத் தெரியும். கிணறு வேறு. கடலிலிருந்து அவ்வளவு கிட்டத்தில், வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு. அது திறந்து கிடந்தால் காணி காணியாகவே கிடக்கிறது; ஒருநாள் வரும். மூடியிருந்தால் அதன்மேல் வேறு ஏதோ வந்துவிட்டது. இனிக் காத்திருப்பதில் பொருளில்லை. இதுதான் அவருடைய கணக்கு. எனக்கு அதில் பிழை தெரியவில்லை.

மகன் ரொரன்ரோவிலிருந்து செய்மதிப் படம் ஒன்றைத் தேடி அனுப்பினான். படம் முழுக்கப் பச்சை. யோகண்ணை அதைப் பார்த்துவிட்டு, இது யார் எப்போது எடுத்த படம் என்று கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கண்ணால் கண்ட ஆள் வந்து சொல்லட்டும் என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் காண ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. சென்னைக்கு ரிக்கெற் எடுக்க வேண்டும்!

விமான நிலையம் என்றால் போவதற்கும் வருவதற்கும் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எங்களில் சிலருக்கு அது மதில் மேலால் எட்டிப் பார்ப்பதற்கான ஏணி.

வேப்பமரத்தடியில் புட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மச்சாள் எனக்கு அடையாளம் சொல்லத் தொடங்கினார். கோயிலிலிருந்து எத்தனையாவது வளவு, எந்த மூலையில் கிணறு, பக்கத்தில் என்ன நின்றது, அதன் வாய் எப்படி இருக்கும்... விபரமாகத்தான் சொன்னார். நான் ‘ஓம், ஓம்’ என்றுகொண்டு கைபேசியில் முகநூலுக்கு ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டோவும் நானும் சூட்கேசும். ‘சொந்த மண்ணிலிருந்து வானுக்கு’ என்று கீழே ஒரு வசனம். எழுத்தாளன் என்றால் வாசகர்களை மறக்கலாமா?

அடையாளம் எல்லாம் விளங்கியதா என்று மச்சாள் கேட்டார். விளங்கியது என்றேன். அப்போது பதினேழு லைக் விழுந்திருந்தது.

அவர் புட்டுப் பார்சலை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“எனக்குக் கிணறு கிடந்தாலும் சரி, கிடக்காட்டியும் சரி. ரெண்டிலை ஒண்டு தெரிஞ்சாக் காணும். அந்தப் பேப்பரைத் தூக்கித் தூக்கித் தூசு தட்டுறது நான்தானே.”

கனடாவா, கொழும்புத்துறையா என்ற கேள்வி மச்சாளின் வீட்டில் எவ்வளவு காலம் மேசை மேல் கிடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனிசி ஒரு சட்டி புதிதாக வாங்குவதென்றாலும், வாங்குவதா வேண்டாமா என்று தெரிய வேண்டாமா?

வாசல் திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆகவே வரலாறு.

பலாலியின் ஓடுபாதை, இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் தன் விமானப் படைக்காகப் போட்டது. போர் முடிந்து அவன் போய்விட்டான். ஓடுபாதையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாததால் அது எங்களுக்கு மிஞ்சியது. அதிலிருந்து கொழும்புக்கும் இந்தியாவுக்கும் பயணிகள் விமானம் பறந்தது. மெட்ராசுக்குப் போய், மட்டினி ஷோ பார்த்து, சீலை வாங்கிக்கொண்டு பொழுதுபட வீடு திரும்பியதாகச் சொல்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவ்வளவு பேரையும் உண்மையிலேயே ஏற்றியிருந்தால் அந்த விமானம் எழும்பியே இருக்காது.

பிறகு எங்கள் போர். ஓடுபாதை படையினரின் கைக்குப் போனது. அதைச் சுற்றியிருந்த ஊர்களும் அதோடு போயின. பல வருடங்கள் கழித்து, 2019இல், ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்று பெயர் வைத்தார்கள். சென்னையிலிருந்து விமானம் வந்தது. நாங்கள் கை தட்டினோம். தட்டிய கையைக் கீழே இறக்குமுன் கொரோனா வந்தது. பூட்டிய வாசல் மறுபடி திறக்க ஏறக்குறைய மூன்று வருடம். பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நாங்கள் இன்னும் பலாலி என்றுதான் சொல்கிறோம். ரஞ்சனிடம் ‘சர்வதேச விமான நிலையம்’ என்று சொன்னால் கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

வசதிகள்? ஒரு விமான நிலையத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. பயணப்பையை ஊடுருவிப் பார்க்கிற பெட்டி இருக்கிறது. குடிவரவு மேசை இருக்கிறது. காத்திருக்கக் கூடம், இருக்கக் கதிரை, குடிக்கத் தேநீர். தொலைந்து போவதற்கு மட்டும் வசதி இல்லை. கட்டுநாயக்காவில் நான் இரண்டு தடவை தொலைந்தவன். பலாலியில் சாப்பிட்ட இடத்திலிருந்து கை கழுவப் போகிற தூரத்தில் வெளிநாடு. புறப்படுகிறவர்கள் ஒரு பக்கம், வந்திறங்குகிறவர்கள் மறுபக்கம். சத்தமாகத் தும்மினால் மற்றப் பக்கத்தில் ‘நூறு’ என்பார்கள்.

வாசல் திறந்தது. வரிசையில் முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் மச்சாள். மச்சாளுக்குப் பின்னால் கனநேரம் ஒருவரும் இல்லை.

மேசையில் இருந்த பிள்ளை எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டாள். நீங்கள்தான் முதல் ஆள், எந்த சீற்றையும் எடுக்கலாம் என்றாள். இதற்காகத்தானே காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன்! இப்போது சொல்லுங்கள், நான் முட்டாளா?

சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தேன். வீட்டில் கீறி வைத்திருந்த வரைபடம். ஓடுபாதை ஒரு கோடு. வடகிழக்கு முனைக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் இந்தியா. விமானத்துக்கு ஓர் அம்புக்குறி. இந்தியாவுக்குப் போகிற விமானம் இந்தியாவைப் பார்த்துத்தானே ஓடும்? கொழும்புக்குப் போகிற பஸ், காரைநகரைப் பார்த்துக்கொண்டா புறப்படும்? ஆக, அப்படி ஓடினால் மயிலிட்டி இடப்பக்கம். மச்சாளுக்கு இடப்பக்க யன்னல்.

எனக்கு?

அந்தப் பிள்ளை மச்சாளுக்குப் பக்கத்துச் சீற்றைத் தரப் போனாள். மறுத்துவிட்டேன். எனக்கும் யன்னல்தான் வேண்டும். அதே வரிசையில் வலப்பக்க யன்னல். அறுபத்து மூன்று வயதில் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ‘மருத்துவக் காரணம்’ என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பினாள்.

வரைபடத்தை மச்சாளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வடிவாய்க் கீறியிருக்கிறேன் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விமானம் வந்தது. சின்ன விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி. இறக்கை யன்னலுக்கு மேலே இருந்ததால் கீழே பார்க்க ஒரு மறைப்பும் இல்லை. அதையும் ஏதோ நானே ஒழுங்கு செய்ததுபோல் மச்சாளுக்குச் சுட்டிக் காட்டினேன். தரையில் நடந்து போய், படியில் ஏறி, அவரவர் இடத்தில் இருந்தோம். மச்சாளுக்குப் பக்கத்தில் காதில் ஏதோ மாட்டிய ஓர் இளம் பெண். எனக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி. இருந்த உடனேயே நித்திரை. கைபேசியை நிறுத்தச் சொல்லுமுன்பே நிறுத்தி, பைக்குள் வைத்து, பையை மேலே தட்டில் வைத்துப் பூட்டினேன். சட்டத்தை மதிக்கிற ஆள்.

இடையில் மச்சாளை எட்டிப் பார்த்தேன். சீலைத் தலைப்பால் யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியையும் துடைத்தார். பிறகு யன்னலை மறுபடி துடைத்தார்.

விமானம் மெல்ல ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதையின் ஒரு முனைக்குப் போனது. அங்கே நின்று, அப்படியே ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. நான் என் யன்னலால் சும்மா பார்த்தேன்.

தூரத்தில் கடல் தெரிந்தது.

என் பக்கத்தில் ஏன் கடல்?

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மயிலிட்டிக் கடல் மச்சாளின் யன்னலில் அல்லவா இருக்க வேண்டும்? இந்தியா விமானத்தின் மூக்குக்கு நேரே அல்லவா? விமானமோ இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெல்லிப்பழைப் பக்கம் பார்த்து நின்றது. ஏதோ மறந்துவிட்டு எங்களைத் திரும்ப வீட்டில் இறக்கப் போகிறதாக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

காற்றாடிகளின் சத்தம் கூடியது. நித்திரை கொள்கிற வியாபாரிக்கும் பாட்டுக் கேட்கிற பெண்ணுக்கும் மேலால் மச்சாள் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை.

“சோளகமெல்லோ அடிக்குது. காத்துக்கு எதிராத்தானே எழும்பும்.”

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை காற்று மாறுகிற ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அது கொடியில் காயும் சாரத்தைத்தான் அசைக்கும் என்ற எண்ணம். படகுக்காரன் பெண்சாதிக்குத் தெரிந்தது.

பெல்ற்றைக் கழற்றப் போனேன். பின்னால் இருந்த பணிப்பெண் கையால் ‘இரு’ என்று காட்டினாள். இருந்தேன்.

மச்சாள் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்:

“இனி நீங்கள் பாருங்கோ.”

விமானம் ஓடத் தொடங்கியது.

வாசகர்களே, வாழ்க்கையில் நான் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். படிக்காமல் போன பரீட்சையும் உண்டு. ஆனால் படிப்பித்தவர் பக்கத்து வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் படிப்பித்த நேரத்தில் லைக் எண்ணிக்கொண்டிருந்த பரீட்சை இது ஒன்றுதான்.

கோயிலிலிருந்து எத்தனையாவது வளவு? எந்த மூலை? எந்தக் கோயில்?

மூக்கைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். புல். வேலி. பற்றை. விமானம் எழும்பியது, பற்றைகள் சின்னதாகின. கூரை இல்லாத சுவர்கள். ஓர் அறைக்குள்ளிருந்து ஒரு மரம். வடலிப் பனைகள். வலப்பக்கம் சரிந்து திரும்பியது விமானம், ஊரே என் யன்னலுக்கு ஏறி வந்தது. அப்போது கண்டேன். கறுப்பாக, வட்டமாக, ஒன்று. அங்காலே இன்னொன்று. இன்னும் ஒன்று...

கிணறுகள்! ஆனால் எது?

நன்றாகப் பார்ப்போம் என்று இன்னும் ஒட்டினேன். மூச்சு பட்டுக் கண்ணாடி புகைத்தது. துடைத்தேன். கையில் புட்டு எண்ணெய், இன்னும் மங்கியது. சேர்ட் கையால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

கடல்.

நீலமாக, சுத்தமாக, ஒரு கிணறும் இல்லாமல்.

பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். என் வாழ்நாளின் மிக நீளமான பயணம் அதுதான். முப்பது வருட வான் பயணங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடையில் ஒருமுறை மச்சாளிடம் சைகையால், முதலிலேயே காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் ஒன்றும் விளங்காதவர் போல், விமானத்தில் தந்த பணிஸ் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டார். சென்னையில் இறங்கி வரிசையில் நின்றபோதுதான் பதில் வந்தது. நீங்கள் படமெல்லாம் கீறி வைத்திருந்தீர்கள், நான் என்னத்தைச் சொல்ல என்றார். தன் யன்னலில் தெரிந்த வசாவிளான் பக்கத்து வாழைத் தோட்டங்கள் நல்ல செழிப்பு என்றும் சொன்னார்.

பிறகு, கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“கிணறு?”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. ஆனால் எழுபது வயது மனிசி. கண்ணாடியை அத்தனை தடவை துடைத்த மனிசி. என் வரைபடத்தை நம்பித் தவறான பக்கத்தில் இருந்து வாழைத் தோட்டம் பார்த்த மனிசி. அவரிடம் ‘மூச்சுப் புகைத்துவிட்டது’ என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

கிடக்கிறது மச்சாள், நன்றாகத் தெரிந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு விபரம் இல்லாமல் வசனம் முடியாது. வட்டமாக, சுற்றுச்சுவர்க் கட்டோடு, நல்ல உறுதியாகக் கிடக்கிறது என்றேன்.

மச்சாள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ‘ஓ’ என்றார். வரிசை நகர்ந்தது.

அன்று பின்னேரமே மகள் வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு. யோகண்ணையை நாங்கள் திரும்பும்வரை கொக்குவிலில் எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தோம். கைபேசியை என் மனைவி பிடித்திருந்தாள். திரையில் பாதி யோகண்ணை, பாதி எங்கள் வீட்டு மின்விசிறி. பேரப்பிள்ளையைக் காட்டினார்கள். பார்த்தார். தாயைப் போல என்றார். பிறகு மச்சாள் கைபேசியை என் கையில் தந்தார்.

“கிணத்தை இவர்தான் பாத்தவர். இவரே சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுக் குழந்தையின் துணிகளை மடிக்க இருந்துவிட்டார்.

யோகண்ணை கேட்டார்:

“கண்டனீரோ?”

“கண்டன் அண்ணை. வடிவாய்த் தெரிஞ்சுது.”

“என்ன மாதிரிக் கிடக்கு?”

“அந்தமாதிரிக் கிடக்கு. கட்டோடை.”

திரையில் அவர் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டது என்று நினைத்தேன். கண் இமைத்தது. இணைப்பு நல்லாய்த்தான் இருந்தது.

“கட்டு என்ன உயரம்?”

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. இடுப்பளவு உயரம், வெள்ளையடித்தது போலவும் இருந்தது என்றேன். மச்சாள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“தம்பி, எங்கடை கிணத்துக்குக் கட்டில்லை. கட்டக் கல்லுப் பறிச்சு வைச்சனான். அந்தக் கிழமைதான் ஓடினது.”

நாளுக்குப் பத்துச் சொல் பேசுகிறவர், அன்றைய கணக்கு முழுவதையும் எனக்காகச் செலவழித்தார். திரையின் மூலையில் என் மனைவியின் முகம் ஒருகணம் வந்து போனது. அந்த முகத்தை எனக்கு நெடுநாளாகத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், இரண்டு யன்னல், மருத்துவக் காரணம், பதினேழு லைக், மூச்சு, புட்டு எண்ணெய். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புக் கேட்டது. யோகண்ணை சிரிக்கவில்லை. எத்தனை கிணறு கண்டேன் என்று கேட்டார். நாலோ ஐந்தோ, எது யாருடையது என்று தெரியாது என்றேன்.

“மூடாமலோ?”

“ஓம் அண்ணை.”

“எல்லாம்?”

“நான் கண்டதெல்லாம் திறந்துதான் கிடந்தது. கறுப்பாய்த் தெரிஞ்சுது. இது பொய்யில்லை.”

அவர் மின்விசிறிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சாள் கடைசித் துணியை மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பொய் சொல்லுறதெண்டாலும் என்னட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்.”

நியாயமான பேச்சு. நான் தலையை ஆட்டினேன். இந்தக் குடும்பத்தில் முப்பத்தைந்து வருடமாக ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிச் சொல்லியே பொழுது போயிருக்கிறது. அவர்களுக்கு ஆறுதல் எது, தகவல் எது என்று வாசனையிலேயே தெரியும். நான்தான் புதியவன்.

யோகண்ணை முகத்தை மறுபடி எங்கள் பக்கம் திருப்பினார். நான் எடுத்த யன்னலில் பிழையில்லை என்றார், மாதம்தான் பிழையாம். மார்கழியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது விமானம் மற்றப் பக்கமாக எழும்பும், அப்போது இடப்பக்கம் சரியாக இருக்கும் என்று விளக்கினார். இது எனக்கான ஆறுதலா, தகவலா என்று தெரியவில்லை.

மச்சாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கமாட்டார் போலிருந்தது. ஆகவே, அன்று ஏற்கெனவே போதியளவு மரியாதை இழந்துவிட்ட நானே கேட்டேன்:

“அப்ப அண்ணை, அந்தக் கனடாப் பேப்பர்... மூத்தவனுக்கு என்னெண்டு சொல்லுறது?”

“வாடை வரட்டும்.”